இடப்பக்கம் சாயும் இடம்

வத்தளை
14.03.2004

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லமுத்து எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடுவீர்கள் என்று நினைத்துப் பின்பக்கம் பெயர் எழுதவில்லை. அண்ணனின் கருமாதி அன்று நான் பேசியது மறக்கவில்லை. "எங்க அண்ணன் யாழ்ப்பாணத்து வீட்டுல விருந்தாளியா இருந்துட்டுச் செத்தாரு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். நீங்கள் திருப்பிச் சொன்னதையும் மறக்கவில்லை. தோட்டத்து வரிசை வீட்டை, லயத்தை விட்டு ஓடியவனுக்கு லயத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். மூன்று வருடம் ஆகிவிட்டது. இரண்டையும் இப்போது கிளறவில்லை. ஒரு செய்தி இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை. அழகம்மா அக்காவுக்கு எழுதினால் அவள் அதை உங்களிடம்தான் வாசிக்கக் கொண்டுவருவாள். அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் களியாட்டப் பூங்காவில் விமானப் பயணம் என்று ஒரு கூண்டு இருக்கிறது. பதினாறு இருக்கைகள். அடியில் ஆறு இரும்புக் கால்கள், எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும். உள்ளே திரையில் படம் ஓடும். படத்தில் விமானம் திரும்பினால் கூண்டும் சாயும். படத்தில் விழுந்தால் கூண்டும் தொப்பென்று இறங்கும். ஆட்கள் இருந்த இடத்திலேயே பறந்துவிட்டு, தலை சுற்றி, சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள்.

மெஷினோடு வந்த படம் ஏதோ வெளிநாட்டுப் பனிமலை. ஆறு வருடமாக அதுதான் ஓடியது. நிறம் வெளுத்துப் பனியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அடிக்கடி வருகிறவர்கள் கூண்டு திரும்புவதற்கு முன்பே "இப்ப வலது, இப்ப பள்ளம்" என்று கத்துகிறார்கள். எங்கள் காவற்காரர் மதியம் சாப்பிட்டுவிட்டு அதற்குள் உட்கார்ந்துதான் தூங்குவார். படத்தை மாற்ற வேண்டும் என்று முதலாளி முடிவெடுத்தார். சண்டை நின்றிருக்கிறது, ஹெலிகொப்டருக்கு அனுமதி கிடைக்கும், நம் நாட்டு மலையையே எடுப்போம், எந்த மலை என்று என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. டயகமப் பக்கம், ஊசிப்பாறைத் தோட்டம் என்றேன்.

பெப்ரவரி பதினோராம் திகதி எடுத்தார்கள். எடை கூடும் என்று என்னை ஏற்றவில்லை. ஆனால் படம் வந்த பிறகு என் வேலைதான். எங்கே சாய வேண்டும், எங்கே குலுங்க வேண்டும் என்று கூண்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலிக் கூண்டில் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்தி நகர்த்தி, ஒரு கைப்பிடியை அசைத்துப் பதிய வேண்டும். நான்கு நிமிடப் படத்துக்கு நான்கு வாரம். நம் தோட்டத்தை நான் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அண்ணி. ஃபெக்டரித் தகரம், ஆறு, கோயில், காலையில் பேர் பதியும் பெரட்டுக் களம், அதற்குப் பக்கத்தில் அக்கா இருக்கும் ஏழாம் நம்பர் லயம்.

லயத்துக்கு மேலே மலையில் புதிதாக ஒரு கான் வெட்டியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் பக்கவாட்டில் ஓடுவதற்கு வெட்டும் கான்களைத் தாண்டித்தான் நாங்கள் வளர்ந்தோம். இவ்வளவு நீளமானதை நான் பார்த்ததில்லை. மேலிருந்து பார்த்தால் வில் மாதிரி வளைந்து கிடக்கிறது. யார் வெட்டியது? நல்ல கை. ஹெலிகொப்டர் அந்த இடத்தில்தான் திரும்புகிறது. அந்தக் கானைப் பிடித்துக்கொண்டே கூண்டை இடப்பக்கம் சாய்த்திருக்கிறேன். பதினொரு விநாடி. படத்திலேயே நல்ல இடம் அதுதான்.

சித்திரைப் புத்தாண்டுக்குத் திறக்கிறோம். அக்காவுக்கும் செல்லசாமி மச்சானுக்கும் சொல்லுங்கள். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நல்லமுத்து


ஊசிப்பாறைத் தோட்டப் பாடசாலை
டயகம
29.03.2004

நல்லமுத்துவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பெயர் இல்லாத உறைகளை நான் எப்போதும் உடனே பிரித்துவிடுவேன். அவற்றைப் பிரிக்காமல் வைத்திருப்பதுதான் பயம்.

பெப்ரவரி பதினோராம் திகதி வந்தது உமது ஹெலிகொப்டர் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்று காலை ஆறாம் வகுப்புக்குப் புவியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் எல்லாரும் மேசைக்குக் கீழே போங்கோ என்று கத்தினேன். நாற்பத்தொரு பிள்ளைகளும் போனார்கள். நானும் போனேன். 1990 வரை யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவள் நான். அங்கே அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருக்கவில்லை. உமது ஹெலிகொப்டர் மூன்று முறை வந்து திரும்பும் வரை முழங்காலில் இருந்தேன். வெளியே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்துக் கையசைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் முதலில் அழுதார்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்றைக்கும் பின்வரிசை வாங்கில் இருந்து யாராவது அந்தச் சத்தத்தை எழுப்பினால் வகுப்பு முழுவதும் மேசைக்குக் கீழே போய்விடுகிறது. பதினான்கு வருடமாக இந்தப் பாடசாலையில் நான் சேர்த்து வைத்திருந்த மரியாதை அது.

அழகம்மாவுக்கு உமது கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தன் பெயரும் செல்லசாமியின் பெயரும் வரும் இடங்களில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒக்காந்த எடத்துல ஆடுறதுக்கா அண்ணி வரிசையில நிக்கிறாங்க? நாங்க தெனமும் கூடையோட ஏறி எறங்குறோம், ஒருத்தரும் டிக்கட் கிழிக்கலியே" என்றாள். கூரைத் தகரத்தில் செல்லசாமி தார் பூசிய இடம் படத்தில் தெரிகிறதா என்று உம்மிடம் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இனி உமது கான். ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலே யாரும் கான் வெட்டவில்லை. கம்பனி தோட்டத்தை எடுத்த பிறகு கான் வெட்டும் வேலைக்கு ஆட்களே போடுவதில்லை. பழைய கான்களே மண் மூடிப் புல் முளைத்துக் கிடக்கின்றன. இதை இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வெளியே போய்ப் பதினைந்து வருடம் ஆன ஒருவருக்கு, மேலே இருந்து பார்க்கும்போது தான் பார்க்க விரும்புவதுதான் தெரியும் போலும். ஏதோ நிழலையோ நடைபாதையையோ கான் என்று எண்ணிப் பதினொரு விநாடி சாய்ந்திருக்கிறீர். உம்முடைய ஞாபகப் பிழைக்குத் தினமும் பதினாறு பேர் சேர்ந்து சாயப் போகிறார்கள். இனி எழுதுமுன் இங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டு எழுதும்.

புனிதவதி


வத்தளை
27.05.2004

அண்ணி,

இந்தக் கடிதத்தை அட்டன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அழகுமுத்துவின் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலில் போட்டால் ஐந்து நாள் ஆகும். உறைக்குள் திரையில் இருந்து எடுத்த இரண்டு நிழற்படங்கள் இருக்கின்றன, பெப்ரவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று. கடிதத்தை வாசிக்குமுன் அவற்றைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். கோபம்தான். கான் வெட்டுவதில்லை என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் கூடுதலாகச் சுட்டது. பதிந்ததை மாற்றவில்லை. ஏப்ரல் பத்தாம் திகதி படத்தைத் திறந்தோம். சாய்கிற இடம் வந்ததும் கூண்டுக்குள் ஒரே சத்தம். இறங்கி வந்து மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். முதலாளி என் தோளில் தட்டினார். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரியும்.

பிறகு முதலாளி படத்தில் அருவிக்குத் தண்ணீர் போதாது என்றார். முதல் மழை பெய்ததும் அந்தப் பகுதியை மட்டும், அதையொட்டி வரும் லயத்து மலையும் சேர்த்து, இன்னொரு தடவை எடுத்தார்கள். மே பத்தொன்பதாம் திகதி. பழைய படத்தோடு புதியதை ஒட்டுவதற்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். நான் கான் என்று சொன்ன கோடு பெப்ரவரியில் ஒரு நிழல் மரத்தோடு முடிகிறது. மே மாதத்தில் அந்த மரத்தைத் தாண்டி இன்னும் மூன்று மரம் வரை போயிருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு மரங்கள் லயத்தின் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. இரண்டு முனையும் கீழ்நோக்கி வளைகிறது. அவ்வளவு மழைக்குப் பிறகும் அதில் தண்ணீர் நிற்கவில்லை.

கான் தானாக நீளாது, அண்ணி.

மலை வெடித்திருக்கிறது. வெடிப்புக்கு நேர் கீழே லயம். அதில் பதினான்கு குடும்பம்.

தோட்ட ஒபிசுக்கு மூன்று தடவை டெலிபோன் எடுத்தேன். கிளாக்கர் யார் பேசுவது என்று கேட்டார். சொன்னேன். "ஆகாயத்துல இருந்து தோட்டத்த செக் பண்ண ஒங்கள யாரு போட்டது?" என்று சிரித்தார். இரண்டாம் தடவை தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்வதாகச் சொன்னார். மூன்றாம் தடவை என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். நானே புறப்படலாம் என்றால், புதுப் பகுதியை ஒட்டி முடிக்கும் வரை லீவு இல்லை. அதை விட உண்மை, நான் வந்து சொன்னால் துரை கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். நீங்கள் டீச்சர், இங்கிலீஷ் தெரியும். நீங்கள் போய்ப் பாருங்கள். அக்காவை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

தார் பூசிய இடம் தெரிகிறது என்று அவளிடம் சொல்லுங்கள். கறுப்பாக, சதுரமாகத் தெரிகிறது.

நல்லமுத்து


ஊசிப்பாறை
02.06.2004

நல்லமுத்துவுக்கு,

அழகுமுத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். மறுநாள் காலை செல்லசாமியையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். தேயிலைச் செடிகளுக்குள் போனால் ஒன்றும் தெரியவில்லை. நின்று தேடும் இடத்தில் கண்ணுக்குப் படவில்லை, கால் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. என் குடையை அதற்குள் இறக்கினேன். பிடி வரை போயிற்று, அடி தட்டவில்லை. செல்லசாமி ஒரு கல்லைப் போட்டார். கல் விழும் சத்தத்துக்காக இருவரும் காத்து நின்றோம். பிறகு அவர், "எறங்குவோம் அக்கா" என்றார்.

துரை படங்களை நெடுநேரம் பார்த்தார். லயத்து ஆட்கள் மரக்கறிப் பாத்தி போட்டு மண்ணைக் கிளறியதால் வந்தது என்றார். நான் வாதாடவில்லை. குடும்பங்களை இரவில் பாடசாலை மண்டபத்தில் தங்கவைக்க மட்டும் அனுமதி கேட்டேன். தந்தார். நுவரெலியாவுக்கும் அறிவித்திருக்கிறோம். மண்ணைப் பரிசோதிக்க ஆள் வர இரண்டு கிழமை ஆகும்.

ஞாயிற்றுக்கிழமையில் இருந்து பதினான்கு குடும்பங்களும் மண்டபத்தில் இருக்கிறார்கள். அழகம்மாவை என் வீட்டுக்கு வரும்படி கேட்டேன். "ஒங்க வீட்டுல எனக்குக் கால நீட்டிப் படுக்க வராது அண்ணி" என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நீர் கருமாதியில் சொன்னதைத்தான் வேறுவிதமாகச் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. எல்லாரோடும் மண்டபத்திலேயே படுத்துக்கொள்கிறாள். செல்லசாமிக்கு ஃபெக்டரியில் இரவு வேலை.

பாடசாலையில் இருந்து பெரட்டுக் களத்துக்கு ஒரு மணி நேர நடை. மழையும் விடுவதில்லை. பெரட்டைக் கொஞ்சம் பிந்தி வைக்கும்படி அழகம்மா என்னைக் கேட்கச் சொன்னாள். துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தில் கானைப் பற்றி எழுதியது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீர் பார்த்தது நல்லது.

புனிதவதி


வத்தளை
10.06.2004

அண்ணி,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். கடைசி வரியை அதை விடக் கூடுதலாக.

இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நேற்று மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். காவற்காரர் நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கல்யாணமா என்று கேட்டார்.

முதலாளியிடம் அந்தப் பதினொரு விநாடியை வெட்டிவிடலாம் என்று கேட்டேன். ஆட்கள் சத்தம் போடுகிற இடமே அதுதான், அதை வெட்டினால் எதற்குப் படம் என்கிறார். மலையில் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன். யாருக்குத் தெரியப் போகிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. அது அவருக்குக் கோடு மட்டும்தான். எனக்கும் மார்ச்சில் அப்படித்தானே.

இப்போது நான் சொல்ல வந்தது. நேற்று இரவு நான்காவது தடவை வாசித்தபோதுதான் பெரட்டு என்ற சொல் உறைத்தது, அப்போதிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நீங்கள் லயத்தில் இருந்ததில்லை, அதனால் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பெரட்டுக்குப் பிந்தினால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார். அரை நாள் சம்பளம். அது கூடப் பெரிதில்லை. அத்தனை பேர் முன்னால் நிறுத்திப் பெயரைக் கூப்பிட்டுத் திட்டுவார். எங்கள் அக்கா பதினெட்டு வயதில் பேர் பதிந்தவள். கலியாணத்துக்கு மறுநாளும் பெரட்டில் நின்றவள். அவள் அரைப் பேர் வாங்கியதே இல்லை. துரை உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவார் என்று காத்திருக்க வேண்டாம். துரைமார் இந்த விஷயத்துக்குப் பதில் எழுதி நான் கேள்விப்பட்டதில்லை. பெரட்டுக் களம் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் நடக்கிற தூரத்தைக் குறைக்க என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். பாடசாலையில் இரவு பாய்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

அழகுமுத்து இந்தக் கிழமை பஸ்ஸில் இல்லை, அதனால் இதைத் தபாலில்தான் போடுகிறேன். இருபதாம் திகதி லீவு. வருகிறேன்.

நல்லமுத்து


ஊசிப்பாறை
18.06.2004

நல்லமுத்துவுக்கு,

உமது பத்தாம் திகதிக் கடிதம் இன்று காலைதான் வந்தது. அடக்கம் முடித்து நீர் புறப்பட்டுப் போன மறுநாள். உறையை இத்துடன் அனுப்புகிறேன். டயகமத் தபால் முத்திரையில் யூன் 18 என்று தெளிவாக இருக்கிறது.

நீர் இங்கே இருந்த மூன்று நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று இன்று விளங்கிற்று. கடிதம் வந்தும் நான் பாய்களை எண்ணவில்லை என்று நினைத்திருக்கிறீர். கடிதம் வரவில்லை.

ஆனால் பாய்கள் குறைந்ததை நான் பார்த்தேன். அதையும் நீர் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் திகதியில் இருந்தே மண்டபத்தின் வாசல் பக்கத்தில் ஐந்து பாய்கள் விரிக்காமல் சுருட்டியபடி இருந்தன. பொகவந்தலாவைப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயிருப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. மற்றவர்களுடைய வீட்டு விஷயத்தை விசாரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பெண்கள் யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. முதல் வாரத்தில் மூன்று நாள் அரைப் பேர் போட்டார்களாம். அதன் பிறகு ஐந்து பேரும் சாப்பிட்டுவிட்டு லயத்துக்கு இறங்கிப் போய்ப் படுத்திருக்கிறார்கள். "ஒரு பக்கமா சாஞ்சாத்தான் பயம், நாங்க கதவுப் பக்கமாத்தான் படுக்கிறோம்" என்று மண்டபத்தில் பக்கத்துப் பாயில் படுக்கும் பேச்சியம்மாவிடம் அழகம்மா சொன்னாளாம்.

பதினான்காம் திகதி விடியற்காலை ஐந்து மணிக்கு மலை இறங்கியபோது அழகம்மா எழும்பிக் கேத்தலில் தேயிலைச் சாயம் வைத்திருந்தாள். கையில் அந்தக் கேத்தலோடுதான் அவளை எடுத்தார்கள். அதை நீர் பார்த்தீர்.

துரைக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

புனிதவதி


வத்தளை
18.07.2004

அண்ணி,

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். உறையைப் பார்த்தேன். அந்த நினைப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எதற்கு யார் மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

படம் ஓடிக்கொண்டிருக்கிறது. விடுமுறை நாளில் நாற்பது தடவை. நான் வெளியே பட்டன் பலகைக்கு முன்னால் நிற்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சின்னத் திரையில் தெரியும். லயம் வரும், தார் பூசிய தகரம் வரும், பிறகு கூண்டு இடப்பக்கம் சாயும். பதினாறு பேரும் வாயைத் திறப்பார்கள்.

ஊரில் இருந்து வந்த அன்று அந்த இடத்தை மாற்றிப் பதிந்தேன். படம் திரும்பும், கூண்டு அசையாது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெஷின் நின்றுவிட்டது என்று ஒரு அம்மா கதவைத் தட்டினார். நான்காம் நாள் முதலாளி வந்து உட்கார்ந்து பார்த்தார். இறங்கி வந்து, "உனக்கு உடம்பு சரியில்லை, இரண்டு நாள் லீவு எடு" என்றார். லீவு முடிந்து வந்தபோது பழைய பதிவைப் போட்டிருந்தார்கள். என்னுடைய பதிவு. மார்ச்சில் சந்தோஷமாக உட்கார்ந்து பதிந்தது. நான் வேலையை விடவில்லை. விட்டால் வேறொரு ஆள் பட்டனை அழுத்துவார், அவ்வளவுதான்.

விசாரணை நடக்கப் போவதாக அழகுமுத்து சொன்னான். ஒன்று கேட்கிறேன். என் முதல் கடிதம் உங்களிடம் இருந்தால் கிழித்துவிடுங்கள். புதுக் கான், நல்ல கை என்று எழுதியிருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்பே மலை வெடித்ததைப் பார்த்துவிட்டு அதைப் பாராட்டியிருக்கிறேன். செல்லசாமி மச்சானுக்கு அது தெரிய வேண்டாம். உங்கள் மார்ச் கடிதம் என் லாச்சிக்குள் இருக்கிறது. அதையும் நான் கிழித்துவிடுகிறேன். நீங்கள் அன்று போய்ப் பார்த்திருந்தால் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அதை நானும் கேட்கமாட்டேன்.

நல்லமுத்து


ஊசிப்பாறை
30.08.2004

நல்லமுத்துவுக்கு,

உமது கடிதத்தை நான் கிழிக்கவில்லை. எனதை நீர் கிழித்திருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கடிதத்தையும் முதலில் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நான் நல்ல தாளில் எழுதுவேன். கொப்பி இருக்கிறது.

விசாரணை புதன்கிழமை பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நுவரெலியாவில் இருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவரும் ஒரு தட்டச்சாளரும் மேசையில் இருந்தார்கள். லயத்து ஆட்கள் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். துரை முதலில் பேசினார். மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விட லயத்து ஆட்கள் மலையில் கான் வெட்டினார்கள், அதுதான் காரணம் என்றார். எந்த டெலிபோனும் வரவில்லை என்று கிளாக்கர் சொன்னார். அதிகாரி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்படியே முடிந்திருந்தால், செத்தவர்களே தங்களைக் கொன்றுகொண்டதாகக் கோப்பில் இருந்திருக்கும். அந்தக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக்கொடுக்கும் கடமையும் எவருக்கும் இருந்திருக்காது.

வெடிப்பை முதலில் யார், எப்போது கண்டது என்று அதிகாரி கேட்டார். எழும்பினேன். உமது மார்ச் பதினான்காம் திகதிக் கடிதத்தை வாசித்தேன். துரை உடனே கையை உயர்த்தினார். பாருங்கள், அவர்களுடைய ஆளே கான் என்று எழுதியிருக்கிறார் என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். உமது கடிதத்தை மட்டும் காட்டினால் அது அவருடைய சாட்சியாகிவிடும். அதைக் காட்டாமல் விட்டால், நீர் அனுப்பிய நிழற்படங்களில் திகதி இல்லாததால், பெப்ரவரியிலேயே மலை வெடித்திருந்தது என்பதற்கு எழுத்தில் வேறு ஆதாரம் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். நீர் கேட்டதைச் செய்ய முடியாததற்கு அதுதான் காரணம்.

கொப்பியை எடுத்து என் கடிதத்தை வாசித்தேன். ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலே யாரும் கான் வெட்டவில்லை என்ற வரியோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குத்தான் திட்டம் போட்டுப் போயிருந்தேன். நிறுத்தவில்லை. பார்க்க விரும்புவதுதான் தெரியும் என்று உமக்கு எழுதியதையும், ஞாபகப் பிழை என்றதையும், இங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டு எழுதும் என்றதையும் முழுவதுமாக வாசித்தேன். அதற்கு முன்னால் மேசைக்குக் கீழே போன கதையையும் வாசிக்க வேண்டியிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அதிகாரி என்னைவிட இளையவர், மரியாதையான ஆள். கான் இல்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது, கோடு ஒன்று இருப்பதாக அவர் எழுதியிருக்கிறார், பாடசாலையில் இருந்து ஒரு மணி நேர நடை, அன்றைக்கே போய்ப் பார்க்கவில்லையா மிஸ் என்று கேட்டார். நான் பேராதனையில் நான்கு வருடம் படித்தது நிலவியல்தான். சரிவு, மண், நீர். கேள்வி தட்டச்சில் பதிவாகும் வரை நின்றேன். பதில் இல்லை என்று பதியச் சொன்னேன்.

இப்போது கோப்பில் இரண்டு கடிதங்களும் இருக்கின்றன. என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது, நல்ல முடிவு வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. செப்டம்பர் பதினாறாம் திகதி நுவரெலியாவில் அடுத்த விசாரணை. பெப்ரவரியிலும் மேயிலும் எடுத்த இரண்டு படப் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு நீர் வர வேண்டும். கான் என்று ஏன் எழுதினீர் என்று உம்மைக் கேட்பார்கள். நானும் அங்கே இருப்பேன். வருகிற அன்று என் வீட்டில் தங்கும். அறை சும்மாதான் இருக்கிறது.

எல்லாம் முடிந்து, குடையை எடுக்க வாசலுக்கு வந்தேன். செல்லசாமி அங்கே நின்றார். வழி விட்டு ஒதுங்கினார். குடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் பேசினார். கோபம் ஒன்றும் இல்லை, மழையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"கான் இல்லைன்னு நீங்க அன்னைக்கே சரியாத்தான் எழுதியிருக்கீங்க, டீச்சர்."

பதினான்கு வருடமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவர்.

புனிதவதி